மாராயியைத் திட்டுவதற்கு முன்னால்...

தருமபுரி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

ஒகேனக்கல் வரலாம். பரிசல், மீன் வறுவல், எண்ணெய் தேய்த்துக் குளியல். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவராக இருந்தால் தகடூர் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் வரலாம். சேலத்திலிருந்து பெங்களூருக்கு அடிக்கடி போய் வருகிறவர் என்றால் தொப்பூர் கணவாயும், முன்னால் போகிற லாரியின் பிரேக் விளக்கைப் பார்த்ததும் வயிற்றில் கரையும் புளியும் நினைவுக்கு வரலாம்.

எனக்கு ஒரு நாவலின் சமர்ப்பணப் பக்கம் நினைவுக்கு வரும்.

அந்த நாவல் பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013-ல் வெளிவந்தது. தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட புத்தகம் அது. இளவரசன் யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தருமபுரி பக்கத்து நத்தம் காலனிப் பையன். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து 2012-ல் கல்யாணம் செய்துகொண்டான். அந்த நவம்பர் 7-ம் தேதி பெண்ணின் அப்பா உயிரை மாய்த்துக்கொண்டார். அன்றைக்கே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் என்று மூன்று குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. எட்டு மாதம் கழித்து, 2013 ஜூலை 4-ம் தேதி, தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரயில் தண்டவாளத்தின் ஓரம் இளவரசனின் உடல் கிடந்தது. தற்கொலை என்றது காவல்துறை. பலர் அதை நம்பவில்லை. வழக்கு, விசாரணை, கமிஷன் என்று அது நீண்ட கதை.

நான் சொல்ல வந்தது அந்தக் கதையை இல்லை. அந்தப் பெண் இன்று எங்கோ தன் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருப்பார். அவரை நிம்மதியாக விடுவோம்.

நான் பேச வந்தது நாவலைப் பற்றி. 'பூக்குழி' இளவரசனின் கதை இல்லை. அது எண்பதுகளில் நடக்கிறது. செல்போன் கிடையாது, டி.வி. விவாதம் கிடையாது. ஆனால், அதைப் படித்து முடிக்கும்போது, 'இது எந்த வருஷத்துக் கதை?' என்று நமக்கே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. அதுதான் பிரச்னையே.

* * *

நம் ஊரில் காதல் நாவல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. அங்கே ரமணிசந்திரன் நாவல்களுக்கு க்யூ நிற்கும். அட்டை கிழிந்து, பைண்டு போட்டு, பைண்டும் கிழிந்த பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். வாங்க வருகிற அக்காக்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்... "முடிவு நல்லாருக்குமா?"

நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். காலையில் நான்கு மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிக்குப் படுக்கிற ஒருத்தி, தனக்கென்று எடுத்துக்கொள்கிற ஒரு மணி நேரத்தில் நல்ல முடிவை எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

அந்த நாவல்களில் நாயகனுக்குக் கொஞ்சம் கோபம் இருக்கும், கொஞ்சம் திமிர் இருக்கும். நாயகிக்குப் பிடிவாதம் இருக்கும். ஆனால், நூறாவது பக்கத்தில் எல்லாம் கரைந்துவிடும். கல்யாணத்தில் கதை முடியும்.

'பூக்குழி' கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிக்கிறது.

முதல் காட்சியிலேயே, கல்யாணம் ஆன கையோடு குமரேசனும் சரோஜாவும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். வெயில். முன்னால் நீண்டு கிடக்கிற பாதை. அந்தப் பக்கம் அவனுடைய ஊர். காட்டுப்பட்டி. அவன் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால், இவளோடு சேர்ந்து நடக்கும்போது அது வேறு ஊராக இருக்கிறது. ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் யாரோ பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியை, வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். 'பொண்ணு எந்த ஊரு? என்ன ஆளுங்க?'

மற்ற நாவல்களில் 'சுபம்' போடுகிற இடத்தில் இந்த நாவலின் முதல் பக்கம் இருக்கிறது. நம் சினிமாவும் சில சமயம் இந்த எல்லையைத் தாண்டிப் பார்த்தது உண்டு. 2004-ல் வந்த 'காதல்' படத்தைப் பார்த்துவிட்டுத் தியேட்டரில் விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர்!

* * *

குமரேசனை எனக்குப் பிடிக்கும். கூடவே, அவன் மேல் எனக்குக் கோபமும் உண்டு.

தோலூர் என்ற டவுனில் சோடாக் கடையில் வேலை பார்க்கிறவன். உழைப்பாளி. பொய் பித்தலாட்டம் தெரியாதவன். சரோஜாவை உயிராக நினைக்கிறவன். ஆனால், அவன் செய்கிற காரியங்களைப் பாருங்கள்... எந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவளுக்கு முழுசாகச் சொல்வதில்லை. 'நான் பார்த்துக்கறேன்' என்கிறான். ஊர் கேட்டால், 'நம்ம ஆளுங்கதான்' என்று ஒரு பொய். அந்தப் பொய்யை அவளும் கூடச் சேர்ந்து சுமக்க வேண்டும். அம்மா வார்த்தையால் சுடும்போது, 'கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்' என்கிறான். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிழைப்பைப் பார்க்கப் போய்விடுகிறான். நாள் முழுக்க, பாறைமேல் இருக்கிற அந்தக் குடிசையில், அந்த அம்மாவோடு தனியாக இருக்க வேண்டியது அவள்தான்.

'எல்லாம் சரியாயிடும்...' இந்த வாக்கியத்தை நம் ஆண்கள் எத்தனை கல்யாணங்களில், எத்தனை சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொல்லியிருப்பார்கள்! சாதி மாறிய கல்யாணத்தில் மட்டுமா? அப்பா, அம்மா பார்த்துச் செய்துவைத்த கல்யாணத்திலும் இதே வசனம்தானே!

குமரேசன் கெட்டவன் இல்லை. நம்பிக்கைக்காரன். தன்னை இத்தனை நாள் தூக்கி வளர்த்த ஊர், தான் நேசிக்கிற பெண்ணையும் ஏற்றுக்கொள்ளும் என்று நிஜமாகவே நம்புகிறான். 'என்னைப் பிடிக்குமே இவர்களுக்கு, அப்புறம் என்ன?' என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவனிடம் இருக்கிற நல்ல குணம். அவன் செய்கிற பெரிய தவறும் அதுவேதான். இரண்டையும் பிரித்து எடுக்கவே முடியவில்லை.

சரோஜாவும் புரட்சிக்காரி கிடையாது. மேடைப் பேச்சு பேசுகிறவள் இல்லை. அப்பா, அண்ணன் என்று இரண்டு பேருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண். அவர்கள் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அம்மா இல்லாத வீடு. பக்கத்தில் குடிவந்த ஒரு பையன் தன்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு ஒரு வீடு தெரிந்தது. அவ்வளவுதான். அந்த வீட்டை நம்பித்தான், அப்பாவிடமும் அண்ணனிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்தாள். வந்த பிறகு பயப்படுகிறாள். அழுகிறாள். டவுன் வாழ்க்கையை நினைத்து ஏங்குகிறாள். 'ஏன் வந்தோம்?' என்றும் நினைக்கிறாள். அவன் சைக்கிள் வருகிற சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள்.

ஒரு மனுஷி இப்படித்தானே இருப்பாள்?

காதலுக்காக எதையும் தாங்குகிற தெய்வீகப் பெண்ணாக அவளை எழுதியிருந்தால், நாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்போம். இவளைக் கும்பிட முடியாது. 'அய்யோ, இந்தப் பொண்ணு இன்னிக்கு சாப்பிட்டாளா?' என்று கவலைப்படத்தான் முடிகிறது.

* * *

இந்த நாவலில் கவனிக்கத் தக்க ஒரு விஷயம் உண்டு. முழுக்க முழுக்க சாதியைப் பற்றிய கதை. ஆனால், குமரேசன் என்ன சாதி, சரோஜா என்ன சாதி என்று ஆசிரியர் ஓர் இடத்திலும் பெயர் சொல்வதில்லை.

முதலில் படிக்கும்போது நமக்கு அரிக்கும். 'யாருன்னு சொல்லித் தொலையேன்யா' என்று தோன்றும். அப்புறம்தான் சுருக்கென்று உறைக்கும்... காட்டுப்பட்டிக்காரர்கள் கேட்கிற அதே கேள்வியை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

இதை நினைக்கும்போது எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வரும். அகப்பாடலில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. தலைவன், தலைவி, தோழி, செவிலி... அவ்வளவுதான். பெயர் சொல்லிவிட்டால் அது 'அவர்கள்' கதை ஆகிவிடும். சொல்லாவிட்டால் யார் கதையாகவும் ஆகலாம். பெருமாள்முருகன் அந்த விதியைத் திருப்பிப் போட்டிருக்கிறார். காதலர்களுக்குப் பெயர் உண்டு. சாதிக்குப் பெயர் இல்லை. சொல்லியிருந்தால், 'அது அந்த ஆட்களோட புத்தி. நாங்கள்லாம் அப்படி இல்லப்பா' என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் சௌகரியமாக ஒதுங்கியிருப்போம்.

தலைப்பும் அப்படித்தான். பூக்குழி என்றால் தீமிதிக்கிற குண்டம். நெருப்பைப் 'பூ' என்று சொல்கிற மொழி நம்முடையது. தருமபுரி பக்கம் உட்பட வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களைப் பார்த்திருப்பீர்கள். பாரதம் படிப்பு, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து, கடைசியில் தீமிதி. மஞ்சள் துணி கட்டி, வேண்டுதலோடு இறங்குகிறவர்களுக்கு அது பூ. விருப்பமில்லாமல் ஒருத்தியைத் தள்ளினால் அது என்ன?

முடிவை நான் சொல்லப் போவதில்லை. அந்த வாடகை நூல் நிலையத்து அக்காக்கள் கேட்டால் மட்டும், 'நல்ல முடிவு இல்லைக்கா, ஆனா நல்ல நாவல்' என்று சொல்வேன்.

* * *

இனி மாராயிக்கு வருகிறேன்.

குமரேசனின் அம்மா. சின்ன வயதிலேயே தாலியை இழந்தவள். ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். சரோஜா வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து ஒப்பாரி வைக்கிறாள். திட்டுகிறாள். சாபம் விடுகிறாள். ஆட்டுக்குட்டியிடம் பேசுகிற சாக்கில் மருமகளைக் குத்துகிற அம்மாக்களை நாம் பார்த்ததில்லையா... அந்த ரகம். படிக்கிற எல்லோருக்கும் அவள் மேல் ஆத்திரம் வரும். வரத்தான் வேண்டும். அவள் செய்கிற காரியங்கள் அப்படி.

எனக்கு உறவில் ஓர் அத்தை உண்டு. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். எட்டாவது வரைக்கும் படிப்பு. ஆனால், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவார். ஊருக்குப் போனால் பழைய வார இதழ்களை ஒரு கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். ஒருமுறை அந்தக் கட்டோடு 'பூக்குழி'யும் போனது.

அடுத்த தடவை போனபோது, காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே அத்தை கேட்டார். "ஏங் கண்ணு, அந்தப் பொஸ்தகத்த எழுதுனவரு ஆம்பளைதான?"

"ஆமா அத்தை. ஏன்?"

"இல்ல... அந்த மாராயிய அத்தன பேசவெச்சிருக்காரே. கிட்ட ஒக்காந்து கேட்டாத்தான அப்படி எழுத முடியும். அதாங் கேட்டேன்."

"உங்களுக்கு அவ மேல கோவம் வரலியா?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கோவமெல்லாம் வந்துது. ஆனா, நீங்கள்லாம் படிச்சவங்க அவள வெறுமனே திட்டிட்டுப் போயிருவீங்க. ஒண்ணு யோசன பண்ணிப் பாரு கண்ணு... புருசன் இல்லாதவ. ஒருத்தர்கிட்ட ஒரு சொல்லு வாங்கிரக் கூடாதுன்னே காலத்தத் தள்ளுனவ. அவளுக்கு ஊருதான் புருசன், ஊருதான் மாமியா. கெணத்துல தண்ணி எறைக்கிறதும் ஊருதான். செத்தா தூக்கிப் போடறதும் ஊருதான். அந்த ஊரு மூஞ்சியத் திருப்பிக்கிச்சுன்னா அவ எங்க போவா?"

"அதுக்காக அவ செஞ்சது சரியா அத்தை?"

"சரின்னு நான் எங்க சொன்னேன்? மகா பாவம் அது. ஏழு சென்மத்துக்கும் தீராது. நான் சொல்றது வேற. அத்தன பேரு வர்றாங்க போறாங்க... 'விடு மாராயி, புள்ளைங்க எப்படியோ நல்லாருந்துட்டுப் போவட்டும்'னு ஒருத்தி, ஒரே ஒருத்தி சொல்லியிருந்தா? ஒரு வார்த்த சொல்ல நாதியில்லயே அவளுக்கு..."

நான் பேசாமல் இருந்தேன். ஏனென்றால், அத்தை மாராயியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தைக்கு ஒரு மகள். கூட வேலை பார்த்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வேறு ஆட்கள். நல்ல பையன். இரண்டு பிள்ளைகள். அன்றைக்கு மாமா, 'இனிமே அவ பேச்ச இந்த வூட்ல எடுக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். துக்கம் கேட்பதுபோலக் கேட்டார்கள். 'வளத்தது சரியில்ல' என்று ஜாடையாகச் சொன்னார்கள். ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலை காலியாக இருந்தது. இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால், தினமும் ஒன்று என்றால் ஒன்பது வருஷத்துக்கு எத்தனை ஆகும்?

அன்றைக்கு அத்தையின் செல்போன் அடித்தது. சின்ன, பட்டன் போன். திண்ணையில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுக்கப் போனேன். திரையில் 'பால் சொசைட்டி' என்று இருந்தது. அத்தை சட்டென்று வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். பால் சொசைட்டியிடம் யாராவது, "சின்னவனுக்குக் காய்ச்சல் வுட்டுருச்சா?" என்று கேட்பார்களா?

மாமா திண்ணையில்தான் இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை பேசிவிட்டுத் திரும்புகிற வரைக்கும் அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பூக்குழியில் வருகிற மனுஷர்களும் இப்படிப்பட்டவர்கள்தான். முழுசாக நல்லவர்களும் இல்லை. முழுசாகக் கெட்டவர்களும் இல்லை. பயந்தவர்கள். பாசத்தைப் பால் சொசைட்டி என்ற பெயரில் ஒளித்து வைத்திருக்கிறவர்கள். காதில் விழுந்தும் விழாததுபோலப் பேப்பர் படிக்கிறவர்கள். ஒரு வார்த்தை அந்தப் பக்கம் விழுந்தால் பிழைத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கம் விழுந்தால் பாவத்தில் இறங்கிவிடுவார்கள்.

* * *

அத்தை கலித்தொகை படித்ததில்லை. ஆனால், அவர் கேட்ட அந்த 'ஒரே ஒருத்தி' கலித்தொகையில் இருக்கிறார்!

காதலனோடு பெண் புறப்பட்டுப் போவதற்குச் சங்க இலக்கியத்தில் 'உடன்போக்கு' என்று பெயர். ஓடிப்போனாள் என்று சொல்வதில்லை, கவனியுங்கள். பாலைக்கலியில் ஒரு பாட்டு. மகளைத் தேடிக்கொண்டு வளர்ப்புத்தாய் வெயிலில் வருகிறாள். எதிரே துறவிகள் சிலர். 'என் மகளைப் பார்த்தீர்களா?' என்று கேட்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். அதற்கு மேல் அவர்கள் செய்வதுதான் அழகு. மகளைத் திட்டவில்லை. தாயையும் திட்டவில்லை. அந்தத் தாயை நிறுத்தி, பொறுமையாகச் சில உவமைகள் சொல்லி, 'உன் மகள் செய்தது அறம்தான் அம்மா, வருத்தப்படாதே' என்று ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, பெண் தானே ஒருவனைத் தேடிக்கொண்டு போனால் அம்மா உடைந்துபோவாள் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு வழியில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. அதற்கென்று பாட்டே எழுதி வைத்திருக்கிறார்கள்.

காட்டுப்பட்டியின் பாதையில் அந்தத் துறவிகள் வரவில்லை. நத்தம் காலனிக்குப் போகிற பாதையிலும் வரவில்லை.

* * *

'சட்டம் இருக்கிறதே சார்' என்பீர்கள். இருக்கிறது. சாதி, மதம் கடந்து பதிவு செய்துகொள்ளச் சிறப்புத் திருமணச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வயது வந்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பமோ சாதியோ சம்மதிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாவட்டத்துக்குத் தனிப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்றெல்லாம் உத்தரவு போட்டது.

எல்லாம் வேண்டும். இன்னும்கூட வேண்டும். கொலைகாரனுக்குச் சட்டத்தைத் தவிர வேறு மருந்து இல்லை. ஆனால், மாமியாரும் மருமகளும் மட்டும் இருக்கிற ஒரு குடிசைக்குள்ளே, மத்தியானம் மூன்று மணிக்கு எந்த போலீஸும் வந்து உட்கார்ந்திருக்க முடியாது. பந்தியில் பக்கத்து இலை காலியாக இருப்பதற்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது.

அந்த இடத்துக்குள் ஒரு நாவலால் போக முடிகிறது. பாப்பிரெட்டிப்பட்டி திண்ணை வரைக்கும் போய், ஒன்பது வருஷமாகத் திறக்காத ஒரு வாயைத் திறக்க வைக்க முடிகிறது.

இப்படி எழுதியவருக்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் தொடங்கி, 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் அவருக்கு எதிராகப் போராட்டம், எரிப்பு, கடையடைப்பு. 2015 ஜனவரியில், 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்று அவரே அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார். 'பூக்குழி'யை அனிருத்தன் வாசுதேவன் 'பைர்' என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 2023-ல் அது சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. அந்தப் பட்டியலுக்குப் போன முதல் தமிழ் நாவல். லண்டனில் யாரோ ஒருவர் காட்டுப்பட்டியைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பார். சந்தோஷம்தான். ஆனால், அவருக்கு அது தூரத்து ஊர். நமக்கு?

* * *

இதைச் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து படிக்கிற உங்களுக்கு, 'நம்ம ஃபிளாட்ல இதெல்லாம் இல்லையே' என்று தோன்றலாம். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிற ஜோடியிடம், 'நீங்க வெஜிடேரியனா?' என்று கேட்கிறோமே, அது எந்தக் கேள்வியின் டவுன் வேஷம்? மூன்றாவது மாடிக்குப் புதுசாக வந்த பெண்ணிடம், 'உங்க ஹஸ்பெண்டும் நீங்களும் ஒரே ஊரா?' என்று லிஃப்ட்டில் விசாரிக்கிறோமே, அது எதைத் தெரிந்துகொள்ள? சரோஜா பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, கொஞ்சம் இஸ்திரி போட்டுக்கொண்டு நம் அபார்ட்மென்ட்டிலும் உலவுகிறது.

பெரிய தியாகம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. உங்கள் தெருவுக்கு ஒரு புது ஜோடி குடிவந்தால், ஊரும் ஆளும் அப்புறம் விசாரிக்கலாம். விசாரிக்காமலேகூட விடலாம். 'சாப்பிட்டாச்சாம்மா? தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு தெரியுமா?' என்று கேளுங்கள். போதும்.

இன்னொன்று, இதைவிடக் கொஞ்சம் கஷ்டமானது. உங்கள் சொந்தத்தில், அலுவலகத்தில், பக்கத்து வீட்டில், மகளோ மகனோ தானே தேடிக்கொண்டு போன ஓர் அம்மா கட்டாயம் இருப்பார். விசேஷங்களில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஊரோடு சேர்ந்து அவரும் தன் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பார். திட்டாவிட்டால் அவரையும் ஒதுக்கிவிடுவார்களே! அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். துக்கம் விசாரிக்காதீர்கள். "புள்ள எப்படி இருக்கா? பேரன் பேச ஆரம்பிச்சுட்டானா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

முதலில் திடுக்கிடுவார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்ப்பார். அப்புறம் புடவைத் தலைப்பில் சுருட்டி வைத்திருக்கிற போனை எடுத்து, உங்களுக்கு ஒரு போட்டோ காட்டுவார்.